நாளொரு படம்

நுழையும்முன்

தொலைவில் உள்ள ஊர்களைக் காண மக்கள் பயணம் மேற்கொள்கின்றனர். தம் தெருவைக் காண்பதற்கென்று எவரும் புறப்படுவதில்லை. அது என்றும் அங்கேயே இருக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். வீட்டைச் சுற்றியுள்ள இடங்களிலேயே நாளுக்கு ஓர் ஒளிப்படமாக ஓராண்டு முழுவதும் எடுத்துவரும் பழக்கம் உலகின் பல நகரங்களில் உள்ளது. அப்பழக்கத்தின் வரலாற்றையும் முறையையும், மும்பையில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதனால் விளையும் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நாள்தோறும் ஒரு பதிவு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர் வீட்டு வாயில்கள் பலவற்றில் காலையில் கோலம் இடப்படுகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைபாதையில் இரண்டடி இடமே கிடைத்தாலும் அதற்குள் புள்ளிகள் அமைகின்றன. கோடுகள் அவற்றை வளைத்துச் செல்கின்றன. மாலைக்குள் கால்கள் பட்டு அக்கோலம் அழிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதே இடத்தில் வேறொரு கோலம் பிறக்கிறது. வாயில் ஒன்றுதான், கோலங்களோ ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து. ஒரே இடத்தில் நாள்தோறும் செய்யும் சிறு செயலும் கலையாகும் என்பதைத் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாகவே அறிந்துள்ளனர்.

எழுத்திலும் இத்தகைய முயற்சி தமிழில் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கர் 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வருகை, பொருள்களின் விலை, வழக்குகள், விருந்துகள், புயலின் சேதம் எனத் தம்மைச் சுற்றி நிகழ்ந்தவற்றை அவர் குறித்து வைத்தார். அன்று துறைமுகத்தில் இருந்த எவரும் கண்டிருக்கக்கூடிய செய்திகள் பல அவற்றுள் உள்ளன. ஆயினும் அவற்றை உடனுக்குடன் எழுதி வைத்தவர் அவர். ஆதலால் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய விரும்புவோர் இன்று அவருடைய நாட்குறிப்பையே நாடுகின்றனர்.

கோலம் நாள்தோறும் இடப்படுகிறது, ஆனால் அழிந்துவிடுகிறது. நாட்குறிப்பு நாள்தோறும் எழுதப்படுகிறது, நிலைத்து நிற்கிறது. ஒளிப்படக் கருவி வந்தபின் இவ்விரண்டையும் இணைக்கும் வழி பிறந்தது. காலையில் கண்ட காட்சியை, அது அழியுமுன் நிலைக்கச் செய்ய முடிந்தது.

சன்னலில் பிறந்த கலை

ஒளிப்படக்கலையே வீட்டுக்கு அருகில்தான் பிறந்தது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் தம் வீட்டின் மாடிச் சன்னலில் கருவி ஒன்றை வைத்தார். அதனுள் ஒருவகை நிலக்கீல் பூசப்பட்ட உலோகத் தகடு இருந்தது. பல மணி நேரம் ஒளி பட்ட பின்னர் எதிரிலிருந்த கூரைகளும் சுவர்களும் அத்தகட்டில் மங்கலாகப் பதிந்தன. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில் விழுந்தமையால் கட்டடங்களின் இருபக்கமும் ஒளியுடன் காணப்படுகின்றன. இயற்கைக் காட்சியைப் பதிந்த ஒளிப்படங்களுள் இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைமையானது இதுவே. அரண்மனையோ போர்க்களமோ அதில் இல்லை. ஒருவர் நாள்தோறும் பார்த்துவந்த அண்டை வீட்டுக் கூரையே உள்ளது.

செக் நாட்டின் பிராகா நகரில் வாழ்ந்த யோசெஃப் சுடெக் (1896–1976) முதல் உலகப்போரில் தம் வலக்கையை இழந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அந்நகரம் செருமானியப் படையின் பிடியில் இருந்தது. வெளியே சென்று படம் எடுப்பது அரிதாயிற்று. அவர் தம் பணிக்கூடத்தின் சன்னலை நோக்கிக் கருவியைத் திருப்பினார். 1940ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை அந்தச் சன்னலை அவர் மீண்டும் மீண்டும் படம் எடுத்தார். கண்ணாடியில் வழியும் மழைத்துளி, குளிர்காலத்து உறைபனி, சன்னலுக்கு வெளியே நிற்கும் வளைந்த மரம் ஆகியவையே அப்படங்களின் பொருள்கள். ஒரே சன்னல் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறாயிரம் நாள்கள்

நாளுக்கு ஒரு படம் என்ற நெறியை நெடுங்காலம் கடைப்பிடித்தவர்களுள் அமெரிக்காவைச் சேர்ந்த சேமி லிவிங்ஸ்டன் குறிப்பிடத்தக்கவர். கல்லூரி மாணவராக இருந்த அவர் 1979ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் உடனடிப் படக்கருவியான போலராய்டு கொண்டு தம் முதல் படத்தை எடுத்தார். அழுத்தியவுடன் கருவியிலிருந்து தாள் வெளிவரும்; சில நிமிடங்களில் அதில் உருவம் தெளியும். அன்று தொடங்கிய அவர் நாளுக்கு ஒரு படம் எடுக்கும் வழக்கத்தைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடவில்லை.

அப்படங்களில் பெரும்பாலானவை எளியவை. உணவு மேசை, நண்பர்களின் முகம், தெரு, அறையின் மூலை ஆகியவை அவற்றில் உள்ளன. இறுதி ஆண்டின் படங்களில் மருத்துவமனையும் இடம்பெறுகிறது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தம் 41ஆம் பிறந்தநாளில், அவர் நோயால் மறைந்தார். ஆறாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் பெட்டிகளில் இருந்தன. அவருடைய நண்பர்கள் அவற்றை நாள் வரிசைப்படி அடுக்கி, அவர் பயின்ற கல்லூரியில் 2007ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்தனர். தனியாகப் பார்த்தால் எளிதாகத் தோன்றும் ஒரு படம், வரிசையில் நிற்கும்போது ஒரு மனிதரின் வாழ்வாகிறது. தொடர்ச்சியின் ஆற்றல் அதுவே.

> தெரிந்து தெளிவோம்
>
> கருவியில் எடுக்கும் படத்தைக் குறிக்கத் தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. பேச்சில் புகைப்படம் என்பதே மிகுதி. ஒளியால் வரையப்படுவது என்னும் பொருளைத் தெளிவாகத் தருவதால் பாடநூல்களில் ஒளிப்படம் என்னும் சொல் இடம்பெறுகிறது.

யார் எடுத்த படம்?

மும்பையின் அன்றாட வாழ்வைப் படம் பிடித்த முன்னோடிகளுள் ஒருவர் ஹோமாய் வியாரவாலா (1913–2012). மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்ற இவர் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படுகிறார். புகழ்பெற்ற தலைவர்களைப் படம் எடுப்பதற்கு முன்னர் அவர் எடுத்தவை தம் நகரத்தின் காட்சிகளே. உடன்பயின்ற தோழியரும் தெருவில் உழைப்போரும் அவற்றில் இடம்பெற்றனர். அத்தொடக்கக் காலப் படங்கள் அவருடைய கணவரின் பெயரில் வெளிவந்தன. 2011ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கியது.

மதுரையில் பிறந்து வளர்ந்த எம். பழனிக்குமார் இக்காலத்துக் கலைஞர். அவருடைய தாய் மீன் விற்று வாழ்க்கை நடத்தியவர். தூய்மைப் பணியாளர்கள், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மீன் விற்பவர்கள் ஆகியோரைப் பழனிக்குமார் படம் எடுத்துவருகிறார். தம் தாயின் உழைப்பையும் அவர் படங்களாக்கியுள்ளார். ஊரக மக்களின் வாழ்வை ஆவணப்படுத்தும் 'பாரி' என்னும் அமைப்பு தயானிதா சிங்கின் பெயரால் வழங்கும் ஒளிப்பட விருதை 2022ஆம் ஆண்டு முதன்முதலாகப் பெற்றவர் அவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படக்கலையைக் கற்பித்தும் வருகிறார். தம் வாழ்வைத் தாமே படம் எடுக்கும் உரிமை அப்பிள்ளைகளுக்கு உண்டு என்பது அவரது பணியால் விளங்குகிறது.

இக்கருத்து மும்பைக்கு, சிறப்பாகத் தாராவிக்கு, மிகவும் பொருந்தும். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்புடைய தாராவியை உலகெங்கும் உள்ளவர்கள் படங்களின் வழியாக அறிந்துள்ளனர். அப்படங்களுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை. நாயகன் (1987), காலா (2018) ஆகிய தமிழ்த் திரைப்படங்கள் தாராவித் தமிழரைக் கதைமாந்தராகக் கொண்டவை. எனினும் அவற்றில் காணப்படும் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்ட அரங்கமே.

வெளியிலிருந்து வருபவர் ஒரு நாள் வருகிறார். குறுகிய சந்தையும் திறந்த சாக்கடையையும் காண்கிறார். அவற்றைப் படம் எடுத்துத் திரும்புகிறார். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. விடியுமுன் மாவரைத்து, இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் ஏந்தி நகரெங்கும் விற்கச் செல்வோரின் நாள் அப்படத்தில் இல்லை. தோல் பதனிடும் தொழிலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு நடத்திய வாழ்வும் அதில் இல்லை. பள்ளிச் சீருடையில் அதே சந்தைக் கடக்கும் பிள்ளைக்கு அவ்விடத்தின் ஓராண்டும் தெரியும். ஓராண்டை அறிந்தவர் எடுக்கும் படம் ஒரு நாள் கண்டவர் எடுக்கும் படத்திலிருந்து வேறுபடும்.

ஓராண்டு காட்டுவது

ஓராண்டு முழுவதும் ஒரே பகுதியைப் படம் எடுத்தால் எவை கிடைக்கும் என்பதை மும்பையின் மாதங்களே கூறும்.

ஜனவரி நடுவில் தாராவியின் தெருக்களில் பொங்கல் பானைகள் வரிசையாக அமைகின்றன. ஊரில் முற்றத்தில் வைக்கும் அடுப்பு இங்கே தெருவோரத்தில் வைக்கப்படுகிறது. இடம் மாறியபோதும் கரும்பும் மஞ்சள்கொத்தும் மாறவில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மராத்தியர் வீட்டுச் சன்னல்களில் குடி பாடுவாத் திருநாளின் பட்டுக்கொடி உயர்கிறது; சில நாள்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தமிழ்ப் புத்தாண்டு வருகிறது. மாட்டுங்காவின் ஐந்து பூங்காப் பகுதியில் இயல்வாகை மரங்கள் மஞ்சள் மலர்களைத் தரையெங்கும் உதிர்க்கின்றன. கோடையில் மயிற்கொன்றை சிவந்து பூக்கிறது.

மே மாத நடுவில் ஒரு நாள் நண்பகல் 12.35 மணியளவில் மும்பையில் செங்குத்தாக நிற்கும் கம்பத்துக்கு நிழல் இராது. கடக ரேகைக்குத் தெற்கே இந்நகரம் அமைந்துள்ளதால் கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சியில் வருகிறது. இரண்டாம் முறை ஜூலை இறுதியில் வரும்; அப்போது பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். நாள்தோறும் அதே நேரத்தில் ஒரு கம்பத்தைப் படம் எடுத்தவர், நிழல் சுருங்கி மறைந்து மீண்டும் நீள்வதைத் தம் படங்களிலேயே காணலாம். அறிவியல் பாடத்தில் படித்த உண்மை அவர் தெருவிலேயே நிகழ்ந்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் தாராவியின் கூரைகள்மீது நீலத் தார்ப்பாய்கள் விரிகின்றன. ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை இறங்குகிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பெரும்பகுதி செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. கிங்ஸ் சர்க்கிள் சாலையில் நீர் தேங்கும் நாள்களில் பேருந்துகள் படகுபோல் அலையெழுப்பிச் செல்கின்றன. ஆகஸ்டில் தயிர்ப்பானை உடைக்கும் மனிதக் கோபுரங்கள் எழுகின்றன. அதனை அடுத்து விநாயகர் ஊர்வலங்கள் வருகின்றன. நவராத்திரியில் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் கொலுப்படிகள் அமைகின்றன. முருகனுக்குரிய விழா நாள்களில் செம்பூர் செட்டா நகர்க் கோயிலில் அடியார் கூட்டம் திரள்கிறது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது தானே கழிமுகத்துச் சேற்று நிலங்களுக்குப் பூநாரைகள் வருகின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு வண்ணம் கோடை வரை அங்கு நிற்கிறது. மார்கழியில் வாயிற்கோலங்கள் பெரிதாகின்றன.

விழாக்களும் பருவங்களும் ஆண்டுதோறும் திரும்பி வரும். திரும்பி வாராத மாற்றங்களும் உண்டு. தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்தது. அங்கு மரங்கள் நடப்பட்டன. 1994ஆம் ஆண்டு 37 ஏக்கர் பரப்புடைய பூங்காவாக அது திறக்கப்பட்டது. இன்று அவ்விடத்தைக் காண்பவர் குப்பைமேட்டை நம்ப மாட்டார். செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே 2014ஆம் ஆண்டு மோனோ இரயில் ஓடத் தொடங்கியது. அதன் தூண்கள் எழுவதற்கு முன் அச்சாலையின் வானம் எவ்வளவு அகன்றிருந்தது என்பதை அங்கு முன்பே வாழ்ந்தவர்கள்தாம் கூற முடியும். தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் 2004ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு வருகிறது. அது நிறைவேறும்போது சந்துகளும் தொழிற்கூடங்களும் உருமாறும். மாற்றம் நன்மையைத் தரலாம். ஆயினும் மாறுவதற்கு முன் இருந்தது எது என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்று ஒரு பள்ளிப் பிள்ளையின் கைப்பேசியிலும் இருக்கலாம்.

எடுக்கும் முறை

நாளொரு படம் எடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நெறிகள் சில தேவை.

1. எல்லை வகுத்தல்: வீட்டு வாயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எட்டும் தொலைவே எல்லை. எல்லை சிறிதானால் பார்வை கூர்மையாகும்.

2. ஒன்றைத் தேர்தல்: ஒரு நாளில் பல படங்கள் எடுத்தாலும் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். எதை விடுவது என்று முடிவு செய்வதே பயிற்சியின் பாதி.

3. ஓர் இடத்துக்கு மீளுதல்: வாரத்துக்கு ஒரு நாளேனும் அதே இடத்தை, அதே கோணத்தில், அதே நேரத்தில் எடுக்க வேண்டும். மாற்றத்தைக் காட்டுபவை இத்தகைய படங்களே.

4. இசைவு பெறுதல்: ஒருவரைப் படம் எடுக்குமுன் அவரிடம் கேட்க வேண்டும். பெரியவர்களை "அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றோ "தாத்தா, உங்கள் கடையைப் படம் எடுக்கலாமா?" என்றோ மரியாதையுடன் கேட்கலாம். அவர் மறுத்தால் கருவியைத் தாழ்த்திவிட வேண்டும். பொதுக்குழாயில் குளிப்போர், நோயுற்றோர், அழுவோர் ஆகியோரைப் படம் எடுத்தல் தகாது.

5. பாதுகாப்பு: இரயில் பாதையிலும் மாடி விளிம்பிலும் நின்று படம் எடுக்கக் கூடாது. தேங்கிய மழைநீரில் இறங்கக் கூடாது.

6. சேமித்தல்: ஒரு படம் ஏறத்தாழ நான்கு எம்.பி. அளவுடையது எனக் கொண்டால் 365 படங்களுக்கும் ஒன்றரை ஜி.பி. இடம் போதும். ஒரே கைப்பேசியில் மட்டும் வைக்காமல் மற்றோர் இடத்திலும் படி எடுத்து வைக்க வேண்டும்.

கைப்பேசி இல்லாதவர் கவலையுற வேண்டுவதில்லை. நாளுக்கு ஒரு சிறு கோட்டோவியமும் இதே பயனைத் தரும். பார்ப்பதே முதன்மை, கருவி அதற்கு அடுத்தது.

படத்தின் கீழ் ஒரு வரி

ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் இடமும் குறித்து, ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்துப் படத்தை மட்டும் காண்பவருக்கு அது எந்தத் தெரு, எந்தப் பருவம் என்பது விளங்காது. எழுத்து அதை விளக்கும். எடுத்துக்காட்டாகப் பின்வருமாறு எழுதலாம்:

"ஜனவரி 15. தொண்ணூறு அடிச் சாலை. மூன்று கல், ஒரு பானை. பால் பொங்க இன்னும் சிறிது நேரம்."

"ஜூன் 3. எங்கள் சந்து. எதிர்வீட்டுக் கூரையில் தார்ப்பாய் விரித்தாயிற்று. மழை இன்னும் வரவில்லை."

"அக்டோபர் 8. மாட்டுங்கா நிலையம் அருகே பூக்கடை. ஒரு முழம் மல்லிகையை அளப்பது கடைக்கார அம்மாவின் கை."

இவ்வாறு எழுதத் தொடங்கும்போது ஒரு தடை எழும். கண்ணெதிரே உள்ள பொருளுக்குத் தமிழ்ப்பெயர் தெரியாது. மும்பையில் வளரும் பிள்ளைக்குக் கஜ்ரா என்பது தெரியும். பூச்சரம் என்பது தெரியாமல் இருக்கலாம். கடிபத்தா என்று கேட்டு வாங்கி வரும் இலை வீட்டில் கறிவேப்பிலை ஆகிறது. இரண்டு பெயர்களையும் அறிவது இரட்டைச் செல்வம். முறுக்குப் பிழியும் அச்சுக்கும், கொலுப்படியின்மேல் விரிக்கும் துணிக்கும், கோலத்தில் புள்ளியைச் சுற்றிச் செல்லும் கோட்டுக்கும் என்ன பெயர் என்று பாட்டியிடம் கேட்க வேண்டியிருக்கும். பாட்டி பெயரைச் சொல்வதோடு நிறுத்த மாட்டார். தம் ஊரில் அதை எவ்வாறு செய்தனர் என்பதையும் கூறுவார். நாளுக்கு ஒரு சொல் எனக் கொண்டாலும் ஆண்டின் இறுதியில் 365 சொற்கள் கைவசமாகும். வீட்டில் பேசப்படும் மொழி ஒவ்வொரு தலைமுறையிலும் சில சொற்களை இழக்கிறது. படத்தோடு சேர்த்து எழுதப்பட்ட சொல் எளிதில் மறைவதில்லை.

சலிப்பைக் கடத்தல்

இம்முயற்சியைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். முதல் மாதத்தில் கோயில், பூங்கா, கடைவீதி என அழகிய காட்சிகள் எல்லாம் எடுத்து முடிந்துவிடும். அதன்பின், "இங்கே எடுப்பதற்கு எதுவுமில்லை" என்ற எண்ணம் தோன்றும். உண்மையான பயிற்சி தொடங்குவது அந்த நாளில்தான்.

காட்சிகள் தீர்ந்தபின் கண் பொருள்களின் உள்ளே செல்கிறது. கடை தீர்ந்தால் கடைக்காரரின் கைகள் உள்ளன. கதவு தீர்ந்தால் கதவின் தாழ்ப்பாள், அதில் படிந்த துரு, அதன்மேல் விழும் காலை வெயில் ஆகியவை உள்ளன. படிக்கட்டில் கழற்றி விடப்பட்ட செருப்புகளைப் பார்த்தே அவ்வீட்டில் எத்தனை பேர் இருக்கின்றனர், யார் வேலைக்குச் சென்றுவிட்டனர் என்பதை அறியலாம். சுடெக்குக்குப் பதினான்கு ஆண்டுகள் ஒரு சன்னல் போதுமாயிருந்ததன் காரணம் இதுவே.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் தொடர வேண்டும். தவறிய நாளுக்குப் பொய்யாக ஒரு படத்தை இட்டு நிரப்புதல் கூடாது. நாட்குறிப்பின் மதிப்பு அதன் உண்மையில் உள்ளது. வெற்றிடமும் ஓர் உண்மையே.

'நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமும்' என்று குழந்தையின் வளர்ச்சியைத் தமிழர் கூறுவர். தெருவும் அவ்வாறே மாறிக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் காண்பவருக்கே அம்மாற்றம் புலப்படுவதில்லை. ஏனெனில் அது சிறிது சிறிதாக நிகழ்கிறது. ஓராண்டின் படங்களை மாதத்துக்கு ஒரு வரிசையாகப் பன்னிரண்டு வரிசைகளில் அடுக்கிப் பார்க்கும்போது, வெயில் இடம் மாறியதும் மரம் பூத்து உதிர்ந்ததும் கடையின் பெயர்ப்பலகை மாறியதும் தம்பியின் உயரம் கூடியதும் ஒருங்கே தெரிகின்றன. ஊர் எது என்று கேட்டால் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரைக் கூறுவர். அவ்விடை சரியானதே. அதனோடு, தாம் வளரும் தெருவையும் தம் ஊராகச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவ்வூரைத் தாமே கண்டு, தம் மொழியில் பெயரிட்டு வைத்த 365 படங்கள் அவ்வுரிமைக்குச் சான்றாகும்.

சொல்லும் பொருளும்

துபாசி – இருமொழி அறிந்து மொழிபெயர்த்து உதவுபவர்
நிலக்கீல் – தார் போன்ற கரிய பொருள்
பணிக்கூடம் – கலைஞர் பணிபுரியும் அறை
இசைவு – ஒப்புதல்
அரங்கம் – திரைப்படத்துக்காக அமைக்கப்படும் செயற்கை இடம்
பூநாரை – இளஞ்சிவப்பு வண்ணமுடைய நீர்ப்பறவை
கழிமுகம் – ஆறோ கழியோ கடலோடு சேரும் இடம்
கோட்டோவியம் – கோடுகளால் வரையும் படம்

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதிய ஊர் ………
(மதுரை, புதுச்சேரி, மும்பை, சென்னை)

2. யோசெஃப் சுடெக் மீண்டும் மீண்டும் படம் எடுத்தது ………
(கடற்கரையை, சன்னலை, சந்தையை, கோயிலை)

3. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ள இடம் முன்பு ……… ஆக இருந்தது.
(ஏரி, வயல், குப்பைமேடு, தொழிற்சாலை)

ஆ) குறுவினா

1. கோலத்துக்கும் நாட்குறிப்புக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?
2. நியெப்ஸ் எடுத்த படத்தில் கட்டடங்களின் இருபக்கமும் ஒளியுடன் காணப்படுவது ஏன்?
3. மும்பையில் கம்பத்தின் நிழல் மறையும் நாள் எப்போது வருகிறது? காரணம் என்ன?
4. படம் எடுக்குமுன் இசைவு பெறுதல் ஏன் தேவை?

இ) சிறுவினா

1. சேமி லிவிங்ஸ்டனின் படங்கள் உணர்த்தும் கருத்தினை விளக்குக.
2. ஒரு நாள் கண்டவர் எடுக்கும் படமும் ஓராண்டு அறிந்தவர் எடுக்கும் படமும் எவ்வாறு வேறுபடும்? தாராவியைச் சான்றாகக் கொண்டு எழுதுக.

ஈ) சிந்தனை வினா

உங்கள் தெருவை வெளியூரார் ஒருவர் ஒரே ஒரு படத்தின் வழியாக அறிய நேர்ந்தால், அது எந்தப் படமாக இருக்க வேண்டும்? ஏன்?

மொழியோடு விளையாடு

'ல்', 'ள்' என முடியும் சொற்களின் முன் வல்லினம் வரும்போது அவை முறையே 'ற்', 'ட்' எனத் திரியும்.

நிழல் + படம் = நிழற்படம்
நாள் + குறிப்பு = நாட்குறிப்பு

பின்வருவனவற்றைச் சேர்த்து எழுதுக.

1. வாயில் + கோலம் = ………
2. நாள் + காட்டி = ………
3. பொருள் + காட்சி = ………
4. தொழில் + கூடம் = ………

செயல்திட்டம்

வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவுக்குள் நாளுக்கு ஒரு படம் என முப்பது நாள்கள் எடுக்க. கைப்பேசி இல்லையெனில் வரைக. ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், ஒரு வரி ஆகியவற்றைத் தமிழில் எழுதுக. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்த புதிய சொற்களை அடிக்கோடிடுக. மாத இறுதியில் படங்களை வகுப்பறைச் சுவரில் நாள் வரிசைப்படி ஒட்டி, முதல் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையே கண்ட மூன்று மாற்றங்களை வகுப்பில் எடுத்துரைக்க.